காத்திருப்பவனுக்குக் கதை இல்லை

1

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. பள்ளிப்பட்டில் எங்கள் தெரு சத்தமில்லாமல் கிடக்கும் மிகச் சில நாட்களில் ஒன்று. தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவனுக்கு அது ஓடும்போது காது வலிக்காது, நின்றால்தான் என்னமோ மாதிரி இருக்கும். சென்னையிலிருந்து லீவுக்குப் போயிருந்தேன். தறிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. மோட்டார் மேல் எலுமிச்சம்பழம். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சுத்தியல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மாமா வரிசையாக வைத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாற்பது வருஷமாகத் தறி ரிப்பேர் பார்க்கிறவர்.

பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாலை ஆறரை இருக்கும். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் இறங்க முடியாமல் வானத்தில் வட்டமடிக்கிறது, உள்ளே 141 பயணிகள் என்று செய்தி. திரையில் ஒரு வரைபடம், அதில் குட்டி விமானம் ஒன்று சுருட்டி வைத்த நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

“இன்னாத்துக்குச் சுத்திக்கினே கீறான்? எறக்கத் தெரியலயா?” என்றார் அப்பா.

“தெரிஞ்சதாலதான் சுத்தறான் மாமா. அவசரம் இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார் மாமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா பதில் சொல்லவில்லை. வலது கையால் பொரியை அள்ளினார். அந்தக் கையில் மூன்று விரல்கள்தான் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்றிரவு டிவி எங்களுக்கு ஒரு கதை சொல்ல முயன்று தோற்றது. ஏன் தோற்றது என்று யோசிக்கத் தொடங்கி, விமானத்தில் கோளாறு என்பதை நம் சினிமாவும் ஹாலிவுட்டும் புத்தகங்களும் எப்படிச் சொல்கின்றன என்று தேடிப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான்.

2

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஐ.எக்ஸ். 613, போயிங் 737 விமானம், மாலை 5.40 வாக்கில் திருச்சியில் கிளம்பியது. கிளம்பிய சிறிது நேரத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தெரிந்தது. ஹைட்ராலிக் என்றால் சுருக்கமாக, குழாய்களில் அழுத்தத்தோடு நிற்கும் எண்ணெய். ஒரு சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம். சக்கரங்களை உள்ளே இழுப்பது, பிரேக், இறக்கையின் மடல்கள், திசைதிருப்பும் பரப்புகள் என்று பாரமான வேலைகளை எல்லாம் அந்த எண்ணெய்தான் செய்கிறது. 737இல் இதற்கு ஏ, பி என்று இரண்டு தனித்தனி அமைப்புகள், போதாததற்குக் கைகாவலாக மூன்றாவது ஒன்று. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். சக்கரத்தைக் கீழே இறக்க ஹைட்ராலிக்கே இல்லாத வழியும் உண்டு. துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து கைப்பிடிகளை இழுத்தால் பூட்டு விடுபட்டுச் சக்கரம் தன் எடையிலேயே கீழே விழுந்து நிற்கும்.

அப்படியானால் ஏன் உடனே இறக்கவில்லை? எடைதான் காரணம். வளைகுடா வரை போக எண்ணெய் நிரப்பிக் கிளம்பிய விமானம் அது. 737-800 ரகம் அதிகபட்சம் சுமார் 79 டன்னோடு மேலேறலாம், ஆனால் இறங்கும்போது சுமார் 66 டன்தான் அதன் வரம்பு. பெரிய விமானங்கள் சிலவற்றைப் போல எண்ணெயை வானத்தில் கொட்டிவிடும் வசதி 737இல் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். சாதாரணமாகப் பறந்தால் மணிக்கு இரண்டரை டன் போல எரியும். திருச்சி ஓடுபாதையோ எட்டாயிரம் அடிக்குச் சற்று மேல். கனத்த விமானம், சந்தேகத்துக்குரிய ஹைட்ராலிக், நீளமில்லாத ஓடுபாதை. ஆகவே புதுக்கோட்டைப் பக்கத்து வானத்தில் சுற்றினார்கள். கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் தயாராக நின்றன. முதலமைச்சர் அதிகாரிகளோடு தொலைபேசியில் ஆலோசனை நடத்தினார். இரவு 8.15 வாக்கில் விமானம் திருச்சியிலேயே, சக்கரங்கள் விரிந்து, சாதாரணமாக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தங்கள் விமானிகள் அவசரநிலை எதையும் அறிவிக்கவில்லை என்று நிறுவனம் பிறகு விளக்கம் தந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரமும் நாம் பார்த்தது வேறு. ‘சக்கரம் வேலை செய்யவில்லை’, ‘வயிற்றால் இறங்கப் போகிறது’, ‘திக் திக் நிமிடங்கள்’. ஒரு செய்தியாளர் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் விமானநிலையம் வழக்கம்போல விளக்கெரிந்து நின்றது. காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. மேலே இரண்டு பேர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள், கீழே டிவி அவர்களுக்குப் பதிலாகப் பதறிக்கொண்டிருந்தது.

3

தமிழில் இந்த விஷயத்துக்கு நெருங்கி வந்த படம் ராதாமோகனின் ‘பயணம்’ (2011). எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு தனிப் பாசம். சென்னையிலிருந்து டெல்லி போகும் விமானம் கடத்தப்படுகிறது, எஞ்சின் பழுதாகித் திருப்பதியில் இறங்குகிறது. பள்ளிப்பட்டிலிருந்து நகரி வழியாகப் போனால் ரேணிகுண்டா விமானநிலையம் அப்படியொன்றும் தூரமில்லை. தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட படம். வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்.

படம் எனக்குப் பிடிக்கும். பயணிகளை ஆளுக்கொரு முகமாகக் காட்டியதில் நல்ல நகைச்சுவை உண்டு. ஆனால் எஞ்சின் பழுதானதை அது என்ன செய்கிறது பாருங்கள். விமானத்தைத் திருப்பதியில் கொண்டுவந்து வைக்க ஒரு சாக்கு. வைத்ததும் அந்தப் பழுதின் வேலை முடிந்தது. அதன் பிறகு பேரம், துப்பாக்கி, கமாண்டோ. இயந்திரக் கோளாறுக்கு முகம் இல்லை, வசனம் இல்லை, அதைத் திட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது. வில்லனாக ஒரு மனிதன் இருந்தால்தான் நம் திரைக்கதைக்கு மூச்சு வரும்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘சல்லி’யை (2016) இரண்டாம் முறை பார்க்கும்வரை.

4

2009 ஜனவரி 15. நியூயார்க்கில் கிளம்பிய யு.எஸ். ஏர்வேஸ் 1549இன் இரண்டு எஞ்சின்களிலும் வாத்துக்கூட்டம் அடித்து, இரண்டும் செயலிழந்தன. கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பறவை அடித்ததிலிருந்து தண்ணீரைத் தொட்டது வரை 208 விநாடி. ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்ட கதை.

208 விநாடியை வைத்து ஒன்றரை மணி நேரப் படம் எடுப்பது எப்படி? ஈஸ்ட்வுட் கண்டுபிடித்த வழி, விபத்தை விசாரித்த அமைப்பை வில்லனாக்குவது. படத்தில் விசாரணை அதிகாரிகள் ஆரம்பத்திலிருந்தே கேப்டனைக் குற்றவாளியைப் போல நடத்துகிறார்கள். விமானநிலையத்துக்கே திரும்பியிருக்கலாம் என்று கணினியை வைத்து மடக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் நீதிமன்றக் காட்சி மாதிரி ஒன்று வந்து நாயகன் வெல்கிறான். டாம் ஹாங்ஸின் நடிப்பைக் குறை சொல்ல மாட்டேன். தூக்கம் போன மனிதனின் கண்களை அவர் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்.

ஆனால் உண்மை விசாரணை அப்படி நடக்கவில்லை. படம் வந்தபோது விசாரித்தவர்களே அதைச் சொல்லி வருத்தப்பட்டார்கள். உடனே திரும்பியிருந்தால் ஓடுபாதையைத் தொட்டிருக்க முடியும், ஆனால் மனிதர் நிலைமையைப் புரிந்து முடிவெடுக்கப் பிடிக்கும் 35 விநாடியைச் சேர்த்தால் முடியாது என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அந்த விசாரணைதான். யோசிக்க ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட ஒரு நேர்மையான அமைப்பைப் படம் வில்லனாக்கிவிட்டது. முடிவில் கேப்டன் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று சொல்கிறார்தான். ஆனால் அது ஒரு வசனம் மட்டுமே. படத்தின் பெயர் ஒருவருடையது, போஸ்டரில் முகமும் ஒருவருடையது.

அந்த 208 விநாடியில் இன்னொன்றும் நடந்தது. கேப்டன் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்ட கணமே துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ் கையேட்டைத் திறந்து, எஞ்சினை மறுபடி கிளப்பும் பட்டியலைத் தொடங்கிவிட்டார். அந்தப் பட்டியல் இருபதாயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நிற்பதை மனதில் வைத்து எழுதப்பட்டது. இவர்கள் மூவாயிரம் அடிக்குக் கீழே இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு போலத்தான் முடிக்க முடிந்தது. முடியாது என்று தெரிந்தும் கடைசிவரை செய்துகொண்டே போனார். என்னைக் கேட்டால் அந்தக் கதையில் மனதை அசைக்கும் ஆள் அவர்தான்.

5

அந்த ஆளைப் பற்றி எழுதியவர் அதுல் கவாண்டே, பாஸ்டனில் அறுவை மருத்துவர். அவருடைய ‘தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ’ (2009) புத்தகத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்று ஹட்சன் சம்பவத்தைப் பற்றியது. கேப்டன் திரும்பத் திரும்ப ‘இது எங்கள் குழுவின் வேலை’ என்று சொல்லியும் உலகம் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒற்றை நாயகனையே கேட்டது என்று அவர் சரியாகப் பிடிக்கிறார்.

செக்லிஸ்ட் எப்படிப் பிறந்தது என்ற கதையையும் அவர் சொல்கிறார். 1935 அக்டோபர் 30, அமெரிக்க ராணுவத்துக்காகப் போயிங் செய்த மாடல் 299 சோதனைப் பறப்பில் மேலேறியதும் விழுந்து எரிந்தது. இயந்திரத்தில் பழுதில்லை. அனுபவமிக்க விமானிகள் ஒரு பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். ஒரு மனிதன் ஞாபகத்தில் வைத்து ஓட்ட முடியாத அளவுக்கு விமானம் பெரிதாகிவிட்டது என்று புரிந்துகொண்டு ஒரு அட்டையில் பட்டியல் எழுதினார்கள். கெட்டிக்காரனும் மறப்பான் என்று ஒப்புக்கொண்டதுதான் அந்தப் பட்டியலின் பெருமை.

இதுவரை சரி. ஆனால் கவாண்டேயின் புத்தகத்தில் எனக்கொரு தகராறு உண்டு. நாயகனை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் பட்டியலை உட்கார வைத்துவிடுகிறாரோ என்று படிக்கப் படிக்கத் தோன்றியது. விமான வரலாறு அவ்வளவு எளிதாக அவர் பக்கம் நிற்பதில்லை.

1972 டிசம்பர் 29. ஈஸ்டர்ன் 401 மயாமியில் இறங்கப் போகிறது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. விமானிகள் வட்டமிடப் போனார்கள், எல்லாம் முறைப்படிதான். பிறகு அத்தனை பேருடைய கவனமும் அந்தக் குட்டி பல்பு மேல் போய்விட்டது. ஆட்டோபைலட் விடுபட்டு விமானம் மெல்ல மெல்லக் கீழே போனதை யாரும் பார்க்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி நூறு பேர்வரை இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இருந்தது. பல்பு பியூஸ். அதிலிருந்துதான் ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் பழுதைப் பார்க்க என்ற பிரிவினை இவ்வளவு கறாரானது. முதலில் ஓட்டு, பிறகு வழி பார், பிறகு பேசு என்று விமானிகளுக்குச் சொல்லித்தருவது வெறும் மந்திரம் இல்லை, அதற்குப் பின்னால் உயிர்கள் போயிருக்கின்றன.

இன்னொரு பக்கம், 1989 ஜூலை 19. யுனைடெட் 232இன் வால்பக்க எஞ்சின் வெடித்து மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒரேயடியாகப் போயின. அப்படி நடக்கவே நடக்காது என்று நம்பியதால் அதற்குப் பட்டியலே இல்லை. கேப்டன் அல் ஹேன்ஸ், பயணியாக வந்த ஒரு பயிற்சி விமானியைக் கூப்பிட்டு எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வேலையைக் கொடுத்தார். நான்கு பேர் சேர்ந்து தள்ளாடித் தள்ளாடி சூ நகரம்வரை கொண்டுபோனார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

2010 நவம்பர் 4, சிங்கப்பூரில் கிளம்பிய குவான்டாஸ் 32இன் எஞ்சின் வெடித்து, திரை முழுக்க எச்சரிக்கைச் செய்திகள் வந்து குவிந்தன. பட்டியலை முடிக்கவே ஒரு மணி நேரம் போல ஆயிற்று. ஒரு கட்டத்தில் கேப்டன் டி கிரெஸ்பினி எதெல்லாம் போச்சு என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, எதெல்லாம் மிச்சம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினார். 469 பேரோடு இறங்கிய பிறகும் ஒரு எஞ்சினை மணிக்கணக்காக அணைக்க முடியவில்லை. எண்ணெய் கசிவு, கொதிக்கும் பிரேக். பயணிகளை உடனே சறுக்கி இறக்காமல் உள்ளேயே உட்கார வைத்தார்கள். அங்கும் காத்திருப்புதான்.

ஆக, பட்டியல் நாயகன் இல்லை, பட்டியல் இல்லாததும் நாயகத்தனம் இல்லை. இந்த மனிதர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றுதான் தெரிந்திருந்தது. தங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று. ஹட்சனில் 208 விநாடி, அதை 208 விநாடியாகவே பயன்படுத்தினார்கள். திருச்சியில் இரண்டரை மணி நேரம், அதை முழுசாக எடுத்துக்கொண்டார்கள். மாமா டிவியைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்.

திருச்சியிலேயே இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2018 அக்டோபர் 12 அதிகாலை, இதே நிறுவனத்தின் துபாய் விமானம் 136 பேரோடு ஓடுபாதை முடிவில் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலேறியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லித் தொடர்ந்து பறந்தார்கள். கடைசியில் மும்பைக்குத் திருப்பப்பட்டு, அடிவயிறு கிழிந்த நிலையில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்ற ஒரே முடிவு இருவேறு நாட்களுக்குச் சொந்தமாக முடியும். ஒன்று காத்திருந்து வாங்கியது, மற்றது கிடைத்துவிட்டது. முடிவை மட்டும் பார்க்கும் கதைக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

6

இப்போது அப்பாவின் விரல்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது நடந்தது. அப்பா அப்போது கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். தறியில் நாடா மறுபக்கம் போய்ச் சேராமல் பாவுக்கு நடுவில் சிக்கிவிட்டால், அச்சு வந்து அடிக்கும் அடியில் நூற்றுக்கணக்கான இழைகள் ஒரேயடியாக அறுந்துவிடும். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு எடுக்க அரை நாள், சில சமயம் ஒரு நாள். அதைத் தடுக்கத் தறியிலேயே ஏற்பாடு உண்டு, ஆனால் அந்தத் தறியில் அது தேய்ந்திருந்தது. நாடா சிக்கியதைப் பார்த்ததும் அப்பா கைப்பிடியைத் தட்டுவதற்குப் பதிலாகக் கையை உள்ளே விட்டார். பாவு பிழைத்தது. இரண்டு விரல் போனது.

எங்கள் வீட்டில் இது வீரக்கதை. ‘பாவ காப்பாத்திட்டார்’ என்று பாட்டி சாகும்வரை சொன்னாள். கல்யாண வீடுகளில் நானே சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் அபிநயத்தோடு. நாற்பது வருஷத்தில் ஒரு நகம்கூடப் போகாத மாமாவைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒரு கதையும் இல்லை. அவர் எதுவானாலும் முதலில் மோட்டாரை அணைப்பார். பெல்ட் நிற்கும்வரை ஒரு பீடி குடிப்பார். பிறகுதான் கிட்டே போவார். இதில் என்ன கதை இருக்கிறது?

அன்றிரவு விமானம் இறங்கியதும் டிவியில் கைதட்டல் காட்டினார்கள். நான் அப்பாவிடம் செக்லிஸ்ட், கையேடு என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நாடா சிக்கறப்ப எவன்டா புஸ்தகத்தப் பாத்துக்கினு நிப்பான்?” என்றார்.

“புஸ்தகம் வேணாம் மாமா. மொதல்ல கைய எடு. அது ஒண்ணு ஞாபகம் இருந்தா போதும்” என்றார் மாமா.

விமானிகளுக்கும் இப்படி உண்டு. சில அவசரங்களுக்குக் கையேட்டைத் திறக்க நேரம் இருக்காது, முதல் சில படிகளை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். மாமா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் கட்டுரை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அப்பா விடவில்லை.

“நீ ரிப்பேர்காரன். தறி நின்னா உனக்குத்தான் கூலி. எனக்கு நின்னா கூலி இல்ல. பாவு அறுந்தா அன்னிக்கிப் பூரா முடிச்சுப் போடணும், அதுக்கு எவன் துட்டு குடுப்பான்?”

மாமா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை நான் படித்த, பார்த்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காத்திருப்பதற்குச் செலவு ஆகும். திருச்சி வானத்தில் இரண்டரை மணி நேரம் எரிந்த எண்ணெய் யாரோ ஒருவருடைய பணம். ஆனால் அது அந்த விமானியின் சம்பளத்தில் பிடிக்கப்படாது. வட்டமிட்டதற்காக அவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், வட்டமிடாமல் இறக்கியிருந்தால்தான் கேட்பார்கள். அந்த நிதானம் அவருடைய குணம் மட்டும் இல்லை. நிதானமாக இருக்க அவருக்கு ஒரு தொழில் உரிமை தந்திருக்கிறது. கவாண்டேயின் பட்டியல்களில் நான் தேடிய வரி இதுதான், நிறுத்தினால் நஷ்டம் யாருக்கு என்ற வரி. ‘சல்லி’ படமும் இதைத் தவறவிட்டது. உண்மைக் கேப்டன் ஹட்சன் சம்பவம் முடிந்து சில வாரங்களில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் போனதையும் சொன்னார். அனுபவசாலிகள் இந்தத் தொழிலை விட்டுப் போய்விடுவார்கள் என்று எச்சரித்தார். ஈஸ்ட்வுட்டின் படத்தில் மையமாக இருந்திருக்க வேண்டிய காட்சி என்று நான் நினைப்பது அது. அதற்குப் பதிலாக நமக்கு ஒரு பொய் வில்லன் கிடைத்தான்.

அப்பா கையை உள்ளே விட்டது வீரமும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. தேய்ந்த தறி, நின்றால் கூலி இல்லை, ஒரு விநாடி. அந்த மூன்றும் சேர்ந்து அவர் கையை இழுத்தன. நாங்கள் அதை வீரக்கதை ஆக்கியதால் தேய்ந்த தறியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் யாரும் பேச வேண்டியதில்லாமல் போயிற்று. நாயகக் கதைகள் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. கேட்க வேண்டிய கேள்வியைக் கைதட்டலில் அமுக்கிவிடுகின்றன.

மறுநாள் விஜயதசமி. காலையில் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு மாமா முதல் தறியை ஓட்டிப் பார்த்தார். பத்து அடி ஓடியிருக்கும், நிறுத்தினார். ஏதோ சத்தம் சரியில்லை என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. பெல்ட் நிற்கும்வரை வாசலில் நின்று பீடி குடித்தார். இந்த முறை அப்பாவும் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது அந்தத் தறி அப்பாவுடையது, நின்றால் நஷ்டம் அவருக்குத்தான். நின்றது. அவர் நிற்கவிட்டார்.